ஒரு வேலைக்கென்றே பிறந்த லென்ஸ்கள்

ஒரு லென்ஸ் செய்ய வேண்டிய வேலையைச் சொல்வது எளிது. எதிரே உள்ள ஒரு புள்ளியிலிருந்து கிளம்பி வரும் ஒளியையெல்லாம் பின்னால் இருக்கும் ஃபிலிமிலோ சென்சாரிலோ மறுபடி ஒரே புள்ளியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நடுவில் மட்டும் சேர்த்தால் போதாது, ஓரம்வரை சேர்க்க வேண்டும். எல்லா நிறங்களையும் சேர்க்க வேண்டும். கிட்டத்தில் இருப்பதையும் எட்டத்தில் இருப்பதையும் அதே நேர்த்தியோடு சேர்க்க வேண்டும். இத்தனையையும் குறையில்லாமல் செய்யும் லென்ஸ் இன்றுவரை உருவாகவில்லை. ஒளி ஓர் அலை என்பதால் இனியும் உருவாகப் போவதில்லை.

வீட்டில் பூதக்கண்ணாடி இருந்தால் இதை நீங்களே பார்த்துவிடலாம். பகலில், ஜன்னலுக்கு எதிர்ச்சுவரின் அருகே கண்ணாடியைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் ஜன்னல் தலைகீழாகச் சுவரில் வந்து நிற்கும். நடுக்கம்பி கூர்மையாகத் தெரியும்போது ஓரக்கம்பிகள் கலங்கியிருக்கும். கண்ணாடியைச் சுவரை நோக்கிக் கொஞ்சம் நகர்த்தினால் ஓரம் தெளியும், நடு கலங்கும். லென்ஸ் உண்டாக்கும் பிம்பம் தட்டையான சுவரில் படிவதில்லை, குழித்த உள்ளங்கை போன்ற ஒரு பரப்பில் படிகிறது என்பதுதான் காரணம். உற்றுப் பார்த்தால் ஜன்னல் சட்டத்தின் விளிம்பில் மெல்லிய நிறக்கோடும் தெரியும். நீலமும் சிவப்பும் ஒரே இடத்தில் குவியாததால் வருவது அது. இப்போது ஒரு அட்டையில் சிறு துளையிட்டுக் கண்ணாடியின் மேல் வைத்துப் பாருங்கள். படம் மங்கும், ஆனால் கூர்மை கூடும். கேமராவில் அப்பர்ச்சரைச் சுருக்கும்போது நடப்பது இதுவேதான்.

இந்தக் குறைகளுக்குப் பிறழ்ச்சிகள் என்று பெயர். ஜெர்மன் கணித அறிஞர் லுட்விக் சைடல் 1857-ல் இவற்றை ஐந்தாகப் பிரித்துச் சமன்பாடுகளில் எழுதினார். முதலாவது கோளப் பிறழ்ச்சி: லென்ஸின் விளிம்பு வழியே வரும் கதிரும் நடுவழியே வரும் கதிரும் வெவ்வேறு தூரத்தில் குவிவது. அடுத்தது கோமா: ஓரத்து விளக்குகளுக்கு வால் முளைப்பது. மூன்றாவது அஸ்டிக்மாட்டிசம்: கிடைக்கோடும் செங்குத்துக்கோடும் ஒரே தூரத்தில் தெளியாமல் போவது. நான்காவது, சுவரில் நீங்கள் பார்த்த புலவளைவு. ஐந்தாவது உருத்திரிபு, அதாவது நேர்க்கோடு வளைவது. இவற்றோடு நிறப்பிறழ்ச்சியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவற்றை எதிர்க்க, லென்ஸை வடிவமைப்பவரிடம் இருக்கும் கருவிகள் சிலவே. ஒவ்வொரு பரப்பின் வளைவு, கண்ணாடியின் தடிமன், இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே விடும் இடைவெளி, கண்ணாடியின் வகை, அப்பர்ச்சர் அமரும் இடம். ஒரு பரப்பு உண்டாக்கும் பிறழ்ச்சியை இன்னொரு பரப்பின் எதிர்ப்பிறழ்ச்சியால் கழிக்க வேண்டும். ஒன்றைக் கழிக்கும்போது வேறொன்று தலைதூக்கும். கேமராவோடு சேர்ந்து வரும் சாதாரண ஜூம் லென்ஸ், எல்லாப் பிறழ்ச்சிகளையும் தாங்கக்கூடிய அளவில் அடக்கிவைத்து, எல்லாருக்கும் ஓரளவு உதவும்படி செய்யப்பட்ட சமரசம். சிறப்பு லென்ஸ் அப்படிப்பட்டதல்ல. அதை வடிவமைப்பவர் ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொள்கிறார். அதற்கு எந்தக் குறை இடைஞ்சலோ அதை விரட்டுகிறார், எது தொந்தரவில்லையோ அதை அப்படியே விட்டுவிடுகிறார். சில சமயம் குறையையே கருவியாக்கிக்கொள்கிறார். இந்தக் கணக்கு புரிந்துவிட்டால் வினோதமாகத் தோன்றும் லென்ஸ்கள் எல்லாம் அர்த்தமுள்ளவையாகிவிடும்.

முதல் உதாரணமே மிகச் சிறந்த உதாரணம். 1839-ல் டாகுவேரின் புகைப்பட முறை அறிவிக்கப்பட்டபோது அதோடு வந்த லென்ஸ் ஏறத்தாழ எஃப் 15 அளவுக்குத்தான் திறந்தது. வெயிலில்கூட மனிதர்கள் நிமிடக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டியிருந்தது. வியன்னாவில் கணிதப் பேராசிரியராக இருந்த யோசப் பெட்ஸ்வால் 1840-ல் எஃப் 3.6 அளவுக்குத் திறக்கும் லென்ஸை வடிவமைத்தார். எஃப் எண் குறையக் குறைய உள்ளே வரும் ஒளி இருமடியில் கூடும். ஆகவே இது பழைய லென்ஸைப்போல ஏறத்தாழ 17 மடங்கு ஒளியை உள்ளே விட்டது. அதற்குமுன் கேமரா லென்ஸ்கள் பெரும்பாலும் அனுபவத்தாலும் கைப்பழக்கத்தாலும் செய்யப்பட்டவை. பெட்ஸ்வால் முழுக்கக் கணக்குப் போட்டு, கதிர் கதிராகப் பின்தொடர்ந்து தம் வடிவத்துக்கு வந்தார். அந்தக் கணக்குகளுக்கு உதவ, ஆஸ்திரியப் பீரங்கிப் படையிலிருந்து கணக்கில் தேர்ந்த வீரர்களை ஆர்ச்டியூக் லுட்விக் அனுப்பிவைத்தார் என்பது வரலாறு.

அவர் எதை விட்டார் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அந்த லென்ஸ் நடுவில் நல்ல கூர்மை, ஓரத்தில் கலக்கம். புலவளைவும் அஸ்டிக்மாட்டிசமும் அப்படியே இருந்தன. ஆனால் அது உருவப்படத்துக்கான லென்ஸ். முகம் நடுவில்தான் இருக்கும், ஓரத்தில் இருப்பது திரைச்சீலை. திரைச்சீலை கலங்கினால் யாருக்கு நஷ்டம்? இன்றைக்கு அந்தக் கலக்கத்தையே தேடிப்போய் வாங்குகிறார்கள். மரத்தடியில் ஒருவரை நிறுத்திப் படமெடுத்தால் பின்னால் இருக்கும் இலைகள் முகத்தைச் சுற்றிச் சுழல்வதுபோல் விழும். பெட்ஸ்வால் வடிவத்தில் புதிய லென்ஸ் செய்வதற்காக 2013-ல் லோமோகிராஃபி நிறுவனம் இணையத்தில் பணம் திரட்டியபோது ஆயிரக்கணக்கானோர் முன்பணம் கட்டினார்கள்.

ஒளியைத் தேடிய இந்த ஓட்டம் எங்கே முடிகிறது? காற்றில் ஒரு நல்ல பிம்பத்தைத் தரக்கூடிய லென்ஸ் எஃப் 0.5-ஐத் தாண்டித் திறக்க முடியாது. அதற்குமேல் ஒளிக்கூம்பு அகலமாக இடமே இல்லை. அந்த எல்லையை நோக்கி வெகுதூரம் போன லென்ஸ்களில் ஒன்று, ஜெர்மனியின் ஜைஸ் நிறுவனம் 1960களில் செய்த 50 மி.மீ. எஃப் 0.7 பிளானார். நாசாவின் அப்போலோ திட்டத்துக்காக உருவான அது மொத்தம் 10-தான் செய்யப்பட்டது. அதில் மூன்றை வாங்கியவர் இயக்குநர் ஸ்டான்லி கூப்ரிக். 18-ஆம் நூற்றாண்டில் நடக்கும் 'பேரி லிண்டன்' (1975) படத்தின் இரவுக் காட்சிகளை மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே எடுக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். எஃப் 1.4 லென்ஸைவிட நான்கு மடங்கு ஒளி இதில் வரும்.

அதற்குக் கொடுத்த விலையையும் பார்க்க வேண்டும். இவ்வளவு அகன்ற கூம்பாக ஒளி குவிய வேண்டுமானால் கடைசிக் கண்ணாடி ஃபிலிமிலிருந்து சில மில்லிமீட்டர் தூரத்தில் இருக்க வேண்டும். சினிமா கேமராவில் அந்த இடத்தில் ஷட்டர் சுழன்றுகொண்டிருக்கும். அதனால் எட் டிஜூலியோ என்ற பொறியாளர் ஒரு மிட்செல் கேமராவின் உட்பகுதியையே அந்த லென்ஸுக்காக மாற்றியமைத்தார். அதன்பிறகு வேறெந்த லென்ஸும் அந்தக் கேமராவில் சேராது. இன்னொரு விலை, ஃபோகஸ் நிற்கும் ஆழம். ஒன்றரை மீட்டர் தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த லென்ஸில் கிடைக்கும் தெளிவான ஆழம் ஏறத்தாழ 3 செ.மீ. கண் தெளிவாக இருந்தால் காது இருக்காது. நடிகர் பேசிக்கொண்டே சற்று முன்னால் சாய்ந்தால் போயிற்று. பக்கவாட்டில் ஒரு வீடியோ கேமராவை வைத்து, நடிகர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று திரையில் பார்த்துப் பார்த்து ஃபோகஸை நகர்த்தினார்கள். அந்தக் காட்சிகளில் எல்லாரும் ஓவியத்தில் உள்ளவர்கள்போல் அசைவின்றி இருப்பது அழகாகப் பொருந்திவிட்டது. அந்த அசைவின்மையில் லென்ஸுக்கும் ஒரு பங்கு உண்டு. ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது.

கடைசிக் கண்ணாடிக்கும் ஃபிலிமுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்ற இந்தச் சின்ன விஷயம், லென்ஸ் வடிவமைப்பின் வரலாற்றையே பலமுறை திருப்பியிருக்கிறது. எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பும் ஓர் ஆடி மேலெழும்பிப் படிய வேண்டும். நிக்கானில் அதற்காக 46.5 மி.மீ. விட்டிருந்தார்கள். 24 மி.மீ. குவியத் தூரம் உள்ள வைட் ஆங்கிள் லென்ஸ் அங்கே எப்படி உட்காரும்? முன்னால் ஒரு குழிக்கண்ணாடிக் கூட்டத்தை வைத்து ஒளியை முதலில் விரித்து, பிறகு குவித்து, குவியும் இடத்தைப் பின்னுக்குத் தள்ளினார்கள். பிரான்ஸின் ஆங்ஜெனியூ 1950-ல் இந்த வகையை 'ரெட்ரோஃபோகஸ்' என்ற பெயரில் விற்றார். சின்னதாக இருந்திருக்க வேண்டிய வைட் லென்ஸ்கள் முன்முகம் பெருத்துக் கனமாகப் போனது இதனால்தான். இன்று அந்த ஆடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் வந்துவிட்டன. இடைவெளி கேனானில் 20 மி.மீ. ஆகவும், நிக்கானில் 16 மி.மீ. ஆகவும் குறைந்துவிட்டது. பெரிய கண்ணாடியைச் சென்சாருக்கு வெகு அருகில் வைக்கலாம். 2019-ல் நிக்கான் 58 மி.மீ. எஃப் 0.95 நாக்ட் லென்ஸைக் கொண்டுவந்தது இந்த இடம் கிடைத்த துணிச்சலில்தான்.

இனி சினிமாக்காரர்கள் நேசிக்கும் லென்ஸ். கண் பரிசோதனைச் சீட்டில் 'சிலிண்டர்' என்று ஒரு பவர் எழுதியிருப்பார்கள். ஒரு திசையில் மட்டும் வளைந்து மறுதிசையில் தட்டையாக இருக்கும் கண்ணாடி அது. கண்ணின் அஸ்டிக்மாட்டிசத்தைச் சரிசெய்யப் பயன்படுகிறது. அதே சிலிண்டரைக் கேமராவுக்கு முன்னால் வைத்தால் படம் பக்கவாட்டில் மட்டும் நெருக்கப்படும். 35 மி.மீ. ஃபிலிமில் மனிதர்கள் எல்லாரும் ஒடுங்கி நெட்டையாகப் பதிவார்கள். திரையிடும்போது புரொஜெக்டரில் எதிர்ச் சிலிண்டர் இருக்கும். அது அகலத்தை இரண்டு மடங்கு விரித்துப் பழையபடி ஆக்கும். வழக்கமான ஃபிலிமிலேயே இரண்டு மடங்கு அகலமான காட்சி வந்துவிடும். பிரெஞ்சு வானியலாளர் ஆன்ரி கிரேத்தியன் 1920களில் உருவாக்கிய இந்த முறையை, தொலைக்காட்சியால் கூட்டம் குறைந்து தவித்த ஹாலிவுட்டின் ஃபாக்ஸ் நிறுவனம் வாங்கி, 1953-ல் 'தி ரோப்' படத்தின் மூலம் சினிமாஸ்கோப் என்று அறிமுகப்படுத்தியது. இதே கிரேத்தியன் ஜார்ஜ் ரிச்சியோடு சேர்ந்து வடிவமைத்த தொலைநோக்கி முறைதான் பிற்பாடு ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியிலும் பயன்பட்டது. ஒரே மனிதரின் கணக்கு ஒருபுறம் கொட்டகைக்கும் மறுபுறம் விண்வெளிக்கும் போனது எனக்கு எப்போதும் வியப்பு. இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம் குரு தத்தின் 'காகஸ் கே பூல்' (1959), ஒளிப்பதிவு வி.கே. மூர்த்தி. தமிழில் முதல் சினிமாஸ்கோப் ஏ.பி. நாகராஜனின் 'ராஜராஜ சோழன்' (1973). சோழப் பேரரசின் தர்பாரைக் காட்ட அகலத்திரை தேவைப்பட்டதில் நியாயம் இருக்கிறது.

தொடக்க கால சினிமாஸ்கோப்பில் ஒரு சங்கடம் இருந்தது. நாயகியின் குளோசப் வந்தால் முகம் வீங்கித் தெரியும். பொன்னுக்கு வீங்கி நோய் வந்ததுபோல் இருக்கிறதென்று ஹாலிவுட்டிலேயே பேசினார்கள். காரணம் இது: கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும்போது சிலிண்டரின் நெருக்கும் சக்தி இரண்டு மடங்குக்குக் கீழே இறங்கிவிடும். புரொஜெக்டருக்கு அது தெரியாது. அது எப்போதும்போல் இரண்டு மடங்கு விரிக்கும். முகம் அகன்றுவிடும். நட்சத்திரங்களின் முகத்தை நம்பி நடக்கும் தொழிலில் இது சின்னக் குறையல்ல. அமெரிக்காவின் பனாவிஷன் நிறுவனம் 1950களின் பிற்பகுதியில் இதற்கு வழி கண்டது. சக்தி குறைந்த இரண்டு சிலிண்டர் கண்ணாடிகளை லென்ஸுக்குள் வைத்து, ஃபோகஸ் வளையத்தைத் திருகும்போது அவை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுழலும்படி செய்தார்கள். எந்தத் தூரத்திலும் நடுவில் நெருக்கம் மாறாமல் நின்றது. பனாவிஷன் அந்தச் சந்தையைப் பிடித்ததற்கு இந்தச் சுழலும் ஜோடி முக்கியக் காரணம்.

இன்றைய டிஜிட்டல் கேமராவில் படத்தை நெருக்க வேண்டிய அவசியமே இல்லை. சென்சாரில் பதியும் படத்தை மேலும் கீழும் வெட்டினாலே அகலத்திரை வந்துவிடும். ஆனாலும் ஒளிப்பதிவாளர்கள் அனமார்ஃபிக் எனப்படும் இந்தச் சிலிண்டர் லென்ஸை அதிக வாடகை கொடுத்து எடுக்கிறார்கள். பின்னால் ஃபோகஸில் இல்லாத விளக்குகள் நீள்முட்டை வடிவில் விழுவது, வண்டியின் ஹெட்லைட் கேமராவைப் பார்த்துத் திரும்பும்போது திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒளிக்கீற்று ஓடுவது, ஓரங்கள் லேசாக வளைவது ஆகியவைதான் ஈர்ப்பு. கீற்று கிடைக்கோடாக ஓடுவதற்குக் காரணம், சிலிண்டர் பரப்புகளில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரே திசையில் மட்டும் விரிவது. எல்லாம் ஒருகாலத்தில் குறைகளாக எண்ணப்பட்டவை. ஐம்பது வருடம் பெரிய திரையில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவையே 'சினிமா'வின் அடையாளமாகிவிட்டன.

உருத்திரிபையே வேலையாக எடுத்துக்கொண்டது ஃபிஷ்ஐ லென்ஸ். நேர்க்கோட்டை நேராகவே காட்டும் லென்ஸால் 180 டிகிரியைத் தட்டைச் சென்சாரில் அடக்கவே முடியாது. கணக்குப்படி அந்தப் படத்துக்கு முடிவிலி அகலம் வேண்டும். கோடுகள் வளையலாம் என்று ஒப்புக்கொண்டால் அரைக்கோளம் முழுவதும் ஒரு வட்டத்துக்குள் வந்துவிடும். 1924-ல் இங்கிலாந்தின் ராபின் ஹில் வானம் முழுவதையும் மேகங்களோடு ஒரே படத்தில் பிடிக்க இப்படி ஒரு லென்ஸை வடிவமைத்தார். ஒளிச்சேர்க்கையைப் படித்தவர்கள் 'ஹில் வினை' என்று கேள்விப்பட்டிருப்பார்கள். அதே ஹில்தான் இவர். அவர் கருவிக்குப் பொருத்தமான இன்னொரு வேலையும் பின்னால் வந்தது. காட்டுக்குள் தரையில் கேமராவை வானத்தைப் பார்த்து வைத்து ஒரு படம் எடுத்தால், கிளைகளுக்கு நடுவே எங்கெங்கே திறப்பு இருக்கிறது என்று தெரியும். அதன்மேல் சூரியன் போகும் பாதையை வரைந்தால், அந்த இடத்தில் முளைக்கும் ஒரு கன்றுக்கு வருடத்தில் எவ்வளவு வெயில் கிடைக்கும் என்று கணக்கிடலாம். வனவியலாளர்கள் இன்றும் இதைச் செய்கிறார்கள். நிக்கான் ஒரு கட்டத்தில் 220 டிகிரி பார்க்கும் 6 மி.மீ. லென்ஸையே செய்தது. ஐந்து கிலோவுக்கு மேல் எடை. கேமராவுக்குப் பின்னால் நிற்பவர் கவனமாக இல்லாவிட்டால் அவரும் படத்தில் இருப்பார்.

கோபுரத்தை அண்ணாந்து படமெடுத்தால் அது பின்னால் சாய்வதுபோல் தெரியும். கேமராவை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு லென்ஸை மட்டும் மேலே நகர்த்தினால் சாய்வு வராது. அதற்கான ஷிஃப்ட் லென்ஸ் சென்சாரின் தேவையைவிட மிகப் பெரிய பிம்பவட்டத்தைத் தர வேண்டும். 35 மி.மீ. சென்சாரின் மூலைவிட்டம் 43 மி.மீ.தான், கேனானின் 17 மி.மீ. ஷிஃப்ட் லென்ஸின் பிம்பவட்டம் 67 மி.மீ. விலை அதிகமாக இருப்பது அந்தப் பயன்படுத்தாத ஓரத்துக்காகத்தான். ஷிஃப்டோடு லென்ஸைச் சாய்க்கவும் முடிந்தால், நெல்வயலில் காலடி நாற்றிலிருந்து தொடுவானம்வரை தரை முழுவதையும் ஃபோகஸில் கொண்டுவரலாம்.

நிறப்பிறழ்ச்சியை அடியோடு ஒழிக்க ஒரு வழி, ஒளியைக் கண்ணாடிக்குள் செலுத்தாமல் ஆடியில் பிரதிபலிக்க வைப்பது. ஆடி எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி திருப்பும். இந்த வழியில் போன பெர்னார்ட் ஷ்மிட் எஸ்தோனியாவின் ஒரு சிறு தீவில் பிறந்தவர். சிறுவனாக வெடிமருந்தில் விளையாடி ஒரு கையை இழந்தவர். மீதமிருந்த ஒற்றைக் கையால் ஆடிகளையும் லென்ஸ்களையும் தேய்த்தே வாழ்க்கை நடத்தினார். ஹாம்பர்க் வானாய்வகத்தில் 1930-ல் அவர் கண்டது எளிமையிலும் எளிமை. கோள வடிவ ஆடிக்கு அச்சு என்று தனியாக ஒன்று கிடையாது. எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் அது ஒன்றுபோலத்தான் இருக்கும். அதன் வளைவு மையத்தில் அப்பர்ச்சரை வைத்துவிட்டால் கோமாவும் அஸ்டிக்மாட்டிசமும் தாமாகவே போய்விடும். மிஞ்சுவது கோளப் பிறழ்ச்சி. அதைக் கழிக்க, அப்பர்ச்சர் இருக்கும் இடத்திலேயே மிக லேசாக வளைந்த ஒரு மெல்லிய கண்ணாடித் தகட்டை வைத்தார். புலவளைவை மட்டும் அவரால் விரட்ட முடியவில்லை, விரட்டவும் இல்லை. ஃபோட்டோத் தகட்டையே வளைத்து மாட்டிக்கொண்டார்கள். வானத்தின் அகலமான பகுதியை மூலைவரை கூர்மையாக எடுப்பது அதுவரை மிகக் கடினமாக இருந்தது. ஜவ்வாதுமலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் இருக்கும் 45 செ.மீ. தொலைநோக்கி இந்த ஷ்மிட் வகைதான். 1988 பிப்ரவரியில் அதன்மூலம் ஆர். ராஜமோகன் கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர் சூட்டப்பட்டது.

இதே குடும்பத்தின் சின்ன வாரிசு, பறவைப் படக்காரர்கள் சிலர் வைத்திருக்கும் 500 மி.மீ. எஃப் 8 மிரர் லென்ஸ். ஒளி உள்ளே முன்னும் பின்னுமாக மடிந்து போவதால் கையடக்கமாக இருக்கும். நடுவில் இருக்கும் சிறு ஆடி வழியை மறைப்பதால் பின்னணியில் ஒளிப்புள்ளிகள் எல்லாம் வளையங்களாக விழும். நீரில் வெயில் மின்னும் இடத்தில் கொக்கை எடுத்தால் பின்னால் நூறு வளையல் சிதறியதுபோல் இருக்கும். சிலருக்கு அது பிடிக்கும். எனக்குக் கண்ணை உறுத்தும். அப்பர்ச்சரை மாற்ற வழியில்லாததால் வேறு போக்கும் கிடையாது.

பிறழ்ச்சிகளையெல்லாம் வென்றாலும் அலை என்ற எதிரி மிச்சம் இருக்கிறான். துளை சிறுக்கச் சிறுக்க ஒளி விளிம்பில் வளைந்து விரியும். மேக்ரோ படம் எடுப்பவர்கள் இதில் அடிக்கடி ஏமாறுகிறார்கள். ஒரு எறும்பின் தலையைச் சென்சாரில் ஐந்து மடங்கு பெரிதாக விழ வைக்கிறீர்கள் என்று கொள்வோம். கேனானின் 65 மி.மீ. மேக்ரோ இதைச் செய்யும், வேறெதையும் செய்யாது. தூரத்து மலையில் ஃபோகஸ் வைக்க அதற்குத் தெரியாது. ஆழம் போதவில்லையென்று எஃப் 16-க்குச் சுருக்குகிறீர்கள். ஐந்து மடங்கு உருப்பெருக்கத்தில் அது உண்மையில் எஃப் 96 போல நடந்துகொள்ளும். அந்த நிலையில் ஒரு புள்ளி சென்சாரில் ஏறத்தாழ 0.13 மி.மீ. வட்டமாகப் பரவும். 4 மைக்ரான் பிக்சல் உள்ள கேமராவில் அது 30 பிக்சலுக்குமேல். ஆழம் கிடைத்தது, கூர்மை போயிற்று. அதனால்தான் பூச்சிப் படக்காரர்கள் அப்பர்ச்சரைத் திறந்தே வைத்து, ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்துக் கணினியில் அடுக்குகிறார்கள்.

இந்த அலைக்குணத்தையும் ஒருவர் கருவியாக்காமல் விட்டிருப்பாரா? கண்ணாடிப் பரப்பில் நுண்ணிய வட்டப் படிகளைச் செதுக்கினால், ஒளி அவற்றில் விளிம்பு வளைந்து குவியும். கண்ணாடி எந்த வரிசையில் நிறங்களைப் பிரிக்குமோ அதற்கு நேரெதிர் வரிசையில் இது பிரிக்கும். இரண்டையும் சேர்த்தால் நிறப்பிறழ்ச்சி ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், கனமான கண்ணாடிகள் குறையும். கேனான் 2001-ல் 400 மி.மீ. லென்ஸில் இதைக் கொண்டுவந்தது. நிக்கானின் 300 மி.மீ. எஃப் 4 இந்த முறைக்கு மாறியபோது எடை 1440 கிராமிலிருந்து 755 கிராமுக்கு இறங்கியது. மலையேறிப் பறவை பார்ப்பவருக்கு அது பெரிய வரம். எதிரே பலமான விளக்கு இருந்தால் மட்டும் அதைச் சுற்றி நிறவளையம் வரும்.

லென்ஸ் வடிவமைப்பில் எனக்கு மிகப் பிடித்த சிந்தனை கேமராக் கடையில் கிடைக்காது, ஆபரேஷன் தியேட்டரில் கிடைக்கும். வயிற்றுக்குள் பார்க்கும் நீளமான மெல்லிய குழாயில் அந்தக் காலத்தில் சின்னச் சின்ன லென்ஸ்களை இடைவெளி விட்டு வரிசையாக அடுக்கியிருப்பார்கள். பெரும்பகுதி காற்று, நடுநடுவே கண்ணாடி. அவற்றைப் பிடித்து நிறுத்தும் உள்வளையங்கள் ஒளியின் வழியை அடைத்துவிடும். மருத்துவர் மங்கலான பிம்பத்தோடு போராடுவார். பிரிட்டனின் ஹெரால்ட் ஹாப்கின்ஸ் 1950களின் முடிவில் இதைத் தலைகீழாக்கினார். குழாயை நீளமான கண்ணாடித் தண்டுகளால் நிரப்பினார். தண்டுகளுக்கு நடுவே விட்ட சிறு காற்று இடைவெளிகளே லென்ஸாக வேலை செய்தன. தண்டுகளைப் பிடிக்கக் குறுகிய வளையங்கள் தேவையில்லை, கண்ணாடிக்குள் ஒளிக்கூம்பும் நன்றாக அடங்கும். பிம்பம் பலமடங்கு பிரகாசமாயிற்று. ஜெர்மனியின் கார்ல் ஸ்டோர்ஸ் 1960களில் இதைத் தயாரிக்கத் தொடங்கினார். இன்று பித்தப்பையைச் சிறு துளை வழியே எடுக்கும்போது அறுவை மருத்துவர் திரையில் பார்க்கும் தெளிவுக்கு இந்தத் தண்டுலென்ஸ்தான் அடித்தளம். இதே ஹாப்கின்ஸ்தான் 1954-ல் தம் மாணவர் நரீந்தர் சிங் கபானியோடு சேர்ந்து, வளையும் கண்ணாடி இழைக் கற்றை வழியே பிம்பத்தைக் கடத்திக் காட்டியவர்.

பெட்ஸ்வாலின் வீரர்கள் மடக்கை அட்டவணையை வைத்துக்கொண்டு நாள்கணக்கில் பின்தொடர்ந்த கதிர்களை இன்று கணினி ஒரு நொடியில் லட்சக்கணக்கில் பின்தொடர்கிறது. கோளமல்லாத வளைவுகளை ஒருகாலத்தில் கையால் தேய்த்தார்கள், அதனால் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. உங்கள் கைபேசியின் லென்ஸில் இருக்கும் ஐந்தாறு பிளாஸ்டிக் துண்டுகளும் அப்படிப்பட்ட வளைவுகள்தான், அச்சில் வார்த்து எடுத்தவை. சிலவற்றின் பரப்பு நடுவில் குவிந்து ஓரத்தில் குழிந்து அலைபோல இருக்கும். கைபேசியின் தடிமனுக்குள் நீளமான டெலி லென்ஸ் அடங்காது என்பதால், ஒரு முப்பட்டகத்தால் ஒளியைத் திருப்பி லென்ஸைப் படுக்கவைத்துவிட்டார்கள். மிரர்லெஸ் கேமராக்களின் வைட் லென்ஸ் பலவற்றில் உருத்திரிபைக் கண்ணாடியால் சரிசெய்வதையே விட்டுவிட்டார்கள். அதைக் கேமராவின் மென்பொருள் நிமிர்த்திக்கொள்கிறது. கிடைத்த சுதந்திரத்தைக் கூர்மைக்கும் எடைக்குறைப்புக்கும் செலவிடுகிறார்கள்.

ஆக, குறையைக் கழிக்கும் பொறுப்பில் பாதி கண்ணாடியிடமிருந்து கணக்குக்குப் போய்விட்டது. இதை மிகத் துணிச்சலாகச் செய்தவர்கள் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் டௌஸ்கியும் தாமஸ் கேத்தியும். அவர்கள் 1995-ல் வெளியிட்ட முறையில், அப்பர்ச்சர் இருக்கும் இடத்தில் திருகலான பரப்புள்ள ஒரு தகட்டை வைப்பார்கள். கிட்டத்தில் இருப்பது, எட்டத்தில் இருப்பது, நடுவில் இருப்பது எல்லாம் கலங்கிவிடும். ஆனால் எல்லாம் ஒரே மாதிரி கலங்கும். கலக்கத்தின் வடிவம் தெரிந்திருப்பதால் கணினி அதை ஒரே கணக்கில் நீக்கிவிடும். அப்பர்ச்சரைச் சுருக்காமலே, ஒளியை இழக்காமலே, ஆழம் முழுவதும் தெளிந்துவிடும். இதற்கும் விலை உண்டு. கலக்கத்தை நீக்கும் அதே கணக்கு, படத்தில் இருக்கும் இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும். அதனால் நல்ல வெளிச்சம் இருக்கும் இடத்தில் இந்த முறை அழகாக வேலை செய்யும், மங்கிய இடத்தில் படம் மணல் தூவியதுபோல் ஆகிவிடும்.